வாத்தியின் பங்கு வயல்

என் மனைவி வாத்திக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த அன்று பாரிசின் லாச்சப்பலில் ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி வாங்கிச் சாப்பிட்டுக் கொண்டாடினோம். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் எல்லோரும் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அடுத்த கிழமை ஜாவாவிலிருந்து அவளுடைய அண்ணன் தர்னோ தொலைபேசியில் கூப்பிட்டார். இந்தோனேசியாவில் இரண்டு குடியுரிமை வைத்திருக்க முடியாது. பிரெஞ்சுக்காரி ஆகிவிட்டவள் அங்கே வயலுக்குச் சொந்தக்காரியாகவும் இருக்க முடியாது. ஒரு வருடத்துக்குள் அந்த நாட்டுக்காரர் ஒருவரின் பெயருக்கு மாற்றாவிட்டால் நிலம் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

"என்ரை பேருக்கு எழுதித் தா" என்றாராம் அண்ணன்.

"வந்து கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டு வாத்தி தொலைபேசியை வைத்தாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். வீட்டுக்காரன் வாடகையைக் கூட்டியபோதும், எங்கள் மகளைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு கீழே போடப் பார்த்தபோதும் அவள் அந்தக் குரலில்தான் பேசினாள்.

வாத்தி என்பது அவளுடைய உண்மையான பெயர். ஜாவாவில் பெண்களுக்கு வைக்கிற சாதாரணப் பெயர். லாச்சப்பல் சனத்துக்கு மட்டும் அது வாத்தியார்தான். "என்ன வாத்தி, பள்ளிக்கூடம் விட்டாச்சோ?" என்று கேட்டுச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் குறைவு. இருபது வயதில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் வீட்டு வேலைக்காரியாகப் பாரிசுக்கு வந்தவள். அவளுடைய பாஸ்போட்டை அந்த வீட்டு அம்மா மேசை லாச்சியில் வைத்துப் பூட்டியிருந்தா. ஒருநாள் காலை குப்பைப் பையைக் கொண்டுபோய்ப் போடுகிறேன் என்று இறங்கியவள் திரும்பி ஏறவில்லை. நடந்து நடந்து லாச்சப்பலுக்கு வந்து, ஒரு யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். எதிர்க்கடையில் நான் மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதே கடையில்தான் இருக்கிறேன், பெட்டியை இறக்குவது மட்டும் வேறு ஆட்கள். அவளுடைய தமிழ் அந்தச் சமையலறையில் பழகிய தமிழ். அதனால் இந்தக் கட்டுரையில் ஜாவாக்காரர் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ் பேசினால் வாசிப்பவர்கள் குழம்ப வேண்டாம். எனக்கு மொழிபெயர்த்தவள் அவள்.

ஜாவாவுக்குப் புறப்படும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். வயலை அண்ணனுக்கு எழுதினால் அவர் விற்றுவிடுவார். ஆகவே அண்ணனின் மகள் அயுவின் பெயருக்கு எழுத வேண்டும். அயுவுக்கு இருபத்திரண்டு வயது, ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் வேலை.

"அவளுக்குக் காலுக்குக் கீழை நிலம் இருக்கவேணும். என்னை மாதிரி ஆரின்ரையோ வீட்டிலை போய் நிக்கக் கூடாது" என்றாள் வாத்தி.

கிராமம் ஒரு எரிமலையின் அடிவாரச் சரிவில் இருந்தது. பக்கத்து நகரத்திலிருந்து ஒரு சிறிய வான் வண்டியில் ஏறினோம். ஆட்கள், கோழிகள், எங்களுடைய இரண்டு பெரிய சூட்கேசுகள் எல்லாம் ஒன்றாகப் போயின. பாதி வழியில் வான் நின்றது. ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். ஒரு பெண் நடுவில் நின்று மரப்பலகையால் நெல்லைப் புரட்டிக்கொண்டிருந்தா. எதிர்ப்பக்கத்தில் ஒரு பஸ், அதுவும் நின்றது. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. அந்தப் பெண் ஒரு வரியைப் புரட்டி முடித்துத் தலையை ஆட்டிய பிறகுதான் பஸ் வந்தது, பிறகு நாங்கள் போனோம். பரந்தனில் ரோட்டில் நெல் காய்வதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அங்கே லொறிக்காரன் நெல்லின் மேலேயே ஏற்றிக்கொண்டு போவான்.

வாசலில் அண்ணன் தர்னோவும் அவருடைய மனைவியும் நின்றார்கள். தர்னோ உயரம் குறைந்த, தோள் அகன்ற மனிதர். எரிமலை மணல் ஏற்றுகிற லொறி ஓட்டுகிறார், லொறி வேறு ஒருவருடையது. மனைவியின் பெயர் சுமி. எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுமி இருப்பதால் அந்தப் பெயர் மட்டும் எனக்கு உடனே மனதில் பதிந்தது. மெலிந்த பெண், வெயிலில் கறுத்த முகம். தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா. அவ்வளவு சீனி போட்ட தேத்தண்ணியை நான் அதற்கு முன் குடித்ததில்லை.

சாப்பாட்டிலும் சீனிதான். பலாக்காய்க் கறி என்று ஆசையோடு வாயில் வைத்தால் பனங்கட்டியில் அவித்த மாதிரி இனித்தது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சுமி கவனித்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் அம்மியில் பச்சை மிளகாயை அரைத்து, பொரித்த சோயாக் கட்டியோடு கொண்டுவந்து வைத்தா. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதம் அதுதான்.

சாப்பிட்டு முடிந்ததும் வாத்தியிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டேன். தர்னோ இடையில் புகுந்து, "கக்கூஸ்?" என்று கேட்டார். நான் அசந்துபோனேன். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்கத் தொடங்கினேன். அலுவலகத்துக்குக் கந்தோர் என்றார்கள். மேசை இழுப்பறைக்கு எங்களைப் போலவே லாச்சி. காணி உறுதி எழுதுகிறவருக்கு நொத்தாரிஸ். ஒல்லாந்தர் எங்களையும் ஆண்டு, இவர்களையும் ஆண்டு, ஒரே சொற்களை இரண்டு இடத்திலும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். காணிச் சண்டை நடக்கும்போது அதில் சில சொற்கள் எனக்கு நேரடியாகவே விளங்கப்போகின்றன என்று நினைத்தேன். அது அப்படித்தான் நடந்தது.

மறுநாள் வயலைப் பார்க்கப் போனோம். ஒழுங்கையில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரும், "எங்கை போறியள்?" என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் புறப்படுகிறவனைப் பார்த்து அப்படிக் கேட்டால் அன்றைய காரியம் உருப்படாது என்பார்கள். எனக்கு முகம் சுருங்கியது. அது இங்கே வணக்கம் சொல்வது மாதிரி, அதற்குப் பதில்கூடத் தேவையில்லை என்று வாத்தி விளக்கினாள்.

வயல்கள் படிப்படியாகக் கீழே இறங்கின. மேல்வயலில் தண்ணீர் நிரம்பி அடுத்த வயலுக்கு விழுந்தது. வாத்தியின் துண்டு எங்கள் கணக்கில் எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர் வரும். பக்கத்தில் அதைப்போல இரண்டு மடங்கு அண்ணனுடையதாக இருந்தது. ஜாவாவில் ஆண்பிள்ளையின் பங்கு காவுதடியில் தூக்குகிற அளவு, அதாவது இரண்டு கூடை. பெண்பிள்ளைக்கு முதுகில் கட்டித் தூக்குகிற ஒரு மூட்டை. தகப்பன் அப்படித்தான் பிரித்துக் கொடுத்திருந்தார். அண்ணன் தன்னுடைய இரண்டு கூடையை எப்போதோ விற்றுவிட்டார். அங்கே இப்போது நீளமான கோழிக்கொட்டில்கள் நின்றன. காற்று திரும்பும்போது வீச்சம் மூக்கை அடைத்தது.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. காணி பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். எங்கள் வீட்டு வளவும் தோட்டமும் தங்கைக்குப் போனது. நான் ஒரு பையோடு வெளிக்கிட்டேன். இதை வாத்தி தர்னோவுக்குச் சொன்னபோது அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்.

வயலின் ஒரு மூலையில் நாற்று மேடை பச்சையாக நின்றது. சுமி அதற்குள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தா. எங்களைப் பார்த்து ஒருதரம் நிமிர்ந்துவிட்டு மறுபடி குனிந்தா.

அன்று பின்னேரம் பேச்சு தொடங்கியது. கோழிக்கொட்டில்காரர் இந்தத் துண்டையும் கேட்கிறார். விற்றால் தர்னோ சொந்தமாக ஒரு சிறிய லொறி வாங்கலாம்.

"எத்தினை வருசமாய் மற்றவன்ரை லொறியை ஓட்டுறன். வயலிலை நிண்டு இந்த ஊரிலை ஆர் முன்னேறினது? உன்னையே பார். நீ வெளிக்கிட்டுப் போனபடியால்தான் உனக்கு இந்த வாழ்க்கை" என்றார்.

"நான் போன கதையை நீ போட்டோவிலைதான் பாத்தனி அண்ணை" என்றாள் வாத்தி.

அதுவரை வீட்டாருக்கு அவள் சொல்லாததை எல்லாம் அன்று சொன்னாள். பூட்டின லாச்சி, சமையலறைத் தரையில் படுத்த படுக்கை, தகப்பன் இறந்த செய்தி வந்தபோது பேப்பர் இல்லாமல் பாரிசில் மாட்டிக்கொண்டு நின்றது எல்லாம். தர்னோ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடிந்ததும், "அப்பாவை அடக்கம் செய்த அண்டைக்கு நான் தனியத்தான் நிண்டனான்" என்று மட்டும் சொன்னார். இருவர் சொன்னதும் உண்மை. 

ஞாயிற்றுக்கிழமை அயு வந்தாள். தொழிற்சாலை விடுதியிலிருந்து மோட்டார்சைக்கிளில் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தவள் வாத்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வாத்தி அவளை என் பக்கத்தில் உட்காரவைத்து, வயலை அவளுடைய பெயருக்கு எழுதப்போவதாகச் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

அயு கையை விலக்கிக்கொண்டாள். "அத்தை, எனக்கு வயல் வேண்டாம். நான் யப்பானுக்குப் போறன்."

பின்னேரங்களில் யப்பான் மொழி படிக்கிறாளாம். பரீட்சை பாஸ் பண்ணிவிட்டாளாம். அங்கே ஒரு மரக்கறித் தோட்டத்தில் வேலை.

"தோட்டத்திலை வேலை செய்ய யப்பானுக்குப் போகவேணுமோ? இஞ்சை தோட்டம் இல்லையோ?" வாத்தியின் குரல் உயர்ந்தது.

"உங்களை அண்டைக்கு ஆரும் மறிச்சவையோ?" அயு அமைதியாகத்தான் கேட்டாள்.

"இல்லை."

"மறிச்சிருந்தால் நிண்டிருப்பியளோ?"

வாத்தி முற்றத்தில் நின்ற மோட்டார்சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "உன்ரை பாஸ்போட்டை ஒருத்தரிட்டையும் குடுக்காதை. படுக்கேக்கையும் உடம்போடை வைச்சிரு" என்றாள். அயு சத்தியம் செய்து கொடுத்தாள்.

அடுத்த நாள் காலை வாத்தி வயல் வரம்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். நானும் போனேன். பாரிசிலிருந்து கட்டிக்கொண்டு வந்த திட்டம் உடைந்துபோயிருந்தது. என் தொலைபேசி அடித்தது. லாச்சப்பலிலிருந்து முதலாளி.

"முருங்கைக்காய் வந்து இறங்கிக் கிடக்கு. எப்ப வாறாய்?"

"வாறன் அண்ணை, அலுவல் முடியேல்லை" என்று வைத்துவிட்டேன்.

சுமி நாற்று மேடையிலிருந்து எழுந்து சேற்றில் நடந்து எங்களிடம் வந்தா. முழங்கால்வரை சேறு. வாத்திக்கு முன்னால் நின்று ஏதோ சொன்னா. ஒரே ஒரு வசனம். வாத்தி அவவையே பார்த்துக்கொண்டிருந்தாள், மொழிபெயர்க்க மறந்துவிட்டாள்.

"என்ன சொல்லுறா?"

"என்ரை பேருக்கு எழுதுங்கோ எண்டு கேக்கிறா."

எனக்கும் அது தோன்றவே இல்லை. அண்ணன், அண்ணனின் மகள் என்று இரத்த வழியே யோசித்துக்கொண்டிருந்தோம். இவ வேறு ஊரிலிருந்து கலியாணம் கட்டி வந்தவ. வாத்தி தடுமாறிக்கொண்டு, "நீங்கள்... மச்சாள், நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே?" என்றாள்.

"ஒருத்தரும் கேக்கேல்லை" என்றா சுமி. "மாமா செத்த பிறகு இதை ஆர் செய்யிறது? உங்கடை அண்ணை லொறியிலை. நீங்கள் பாரிசிலை. எலி வந்த வருசம் விடிய விடிய தகரம் தட்டினது நான். கோழிக்காரன் வாய்க்காலை மறிச்சபோது போய்ச் சண்டை பிடிச்சதும் நான்தான். என்ரை பேருக்கு எழுதினால் விக்கமாட்டன். விக்கிற யோசினை இருந்தால் இப்பவே சொல்லிப்போடுவன்."

வாத்தி நேரடியாகவே கேட்டாள். அவள் அப்படித்தான். "நாளைக்கு உங்களுக்கும் அண்ணைக்கும் ஒத்துவராமல் போனால்? நீங்கள் பிரிஞ்சு போனால் அப்பாவின்ரை வயல் வேறை குடும்பத்துக்குப் போயிடுமே."

சுமி சிரித்தா. "வயல் எங்கை போறது? நான் அதைத் தூக்கிக்கொண்டு போகப் போறனோ?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் நாற்று மேடைக்குள் குனிந்துவிட்டா.

"நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று வாத்தி என்னைக் கேட்டாள். எங்கள் தேசவழமைச் சட்டத்தில் காணியை வெளியாருக்கு விற்பதென்றால் முதலில் பங்காளியையும் பக்கத்துக் காணிக்காரனையும் கேட்க வேண்டும். அதில் நாற்று நட்டவளைக் கேட்க வேண்டும் என்று ஒரு இடத்திலும் இல்லை. அதைச் சொன்னேன். "அவ தானாய்க் கேட்டுப்போட்டா. இனி நீ சொல்லு" என்றேன்.

வாத்தி எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். தடுமாற்றம் போய்விட்டது. பழைய குரல் வந்துவிட்டது. "நான் அண்ணையோடை கதைக்கிறன்."

கதைத்தாள். தர்னோ எழுந்து போய்த் தன்னுடைய மோட்டார்சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினார். பிறகு என்னைப் பார்த்துப் பின் சீற்றைத் தட்டிக் காட்டினார். ஏன் நான் ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. ஏறாமல் விட்டால் அவர் தனியாகப் போய்விடுவார் என்று தோன்றியது.

வாய்க்கால் கரையால் வேகமாகப் போனார். எங்களுக்குள் பொதுமொழி இல்லை. ஒரு வளைவில் நூறு தாரா வாத்துகளுக்குக் குறையாமல் எதிரே வந்தன. பின்னால் ஒரு கிழவர் நீளத் தடியோடு ஓட்டிக்கொண்டு வந்தார். தர்னோ பிரேக்கை அழுத்தினார். மோட்டார்சைக்கிள் வழுக்கி, நாங்கள் இருவரும் வாய்க்காலுக்குள் போய் விழுந்தோம்.

அடி ஒன்றும் இல்லை. முழங்காலளவு தண்ணீர். இருவரும் அதற்குள் உட்கார்ந்திருந்தோம். கரையில் தாராக்கள் எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டு போயின. அப்போது தர்னோ பேசத் தொடங்கினார். ஜாவா மொழியில் நீளமாக, மூச்சு விடாமல். சுமி, லொறி, அப்பா என்ற சொற்கள் மட்டும் விளங்கின. அவர் முடித்ததும் நான் தமிழில் பேசினேன். எங்கள் வளவைத் தங்கைக்கு எழுதிக் கொடுத்த அன்று எனக்கும் மனக்குறை இருந்தது என்றும், பிறகு அது போய்விட்டது என்றும், இப்போது தங்கை அனுப்புகிற மாங்காய் வடகம் எனக்குப் போதும் என்றும் சொன்னேன். அவருக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. கவனமாகக் கேட்டார். பிறகு என் தலையிலிருந்து ஒரு தாரா இறகை எடுத்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆனால் சிரித்ததால் அவர் மனம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய்.

மறுநாள் கிராமத் தலைவரின் கந்தோரில் கூடினோம். தலைவர் பூப்போட்ட பற்ரிக் சட்டை போட்ட மென்மையான மனிதர். குடும்பம் ஒத்துப்போகாமல் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது. தர்னோவை முதலில் பேசச் சொன்னார்.

"சுமி என்ரை பெஞ்சாதி. அவவின்ரை எண்டால் அது என்ரைதான். அப்ப என்ரை பேருக்கு எழுதினால் என்ன வித்தியாசம்?" என்றார் தர்னோ.

சுமி கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தா. அன்று சுத்தமான சட்டையும் முக்காடும் போட்டிருந்தா. ஜாவா மொழியில் பெரியவர்களிடம் பேச வேறு சொற்கள், சமமானவர்களிடம் பேச வேறு சொற்கள். சுமி கணவனிடம் எப்போதும் மரியாதைச் சொற்களில்தான் பேசுவா. அன்றும் அப்படியே, குரலை உயர்த்தாமல் பேசினா.

"என்ரையும் உங்கடையும் ஒண்டெண்டால், என்ரை பேரிலை இருக்கிறதாலை உங்களுக்கு என்ன குறை?"

தலைவர் தேத்தண்ணிக் கோப்பையை வாயருகில் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். பக்கத்தில் இருந்த எழுதுவினைஞர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தர்னோ "யோசிச்சுச் சொல்லுறன்" என்று எழுந்து போனார். அன்று பின்னேரமே மணல் ஏற்ற லொறியில் போய்விட்டார்.

நாட்கள் போயும் அவர் திரும்பிவரவில்லை. எங்களுடைய பயண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வாத்தி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். சுமி மட்டும் எதுவும் நடக்காதது போலத் தன் வேலையைப் பார்த்தா. நாற்று நடுகிற பெண்களிடம் போய் நாள் குறித்தா. உழவு மெஷின்காரனைக் கூப்பிட்டு வயலை உழுவித்தா. அக்கம்பக்கத்தாரை அழைத்து நடவுக்கு முன் கொடுக்கிற சிறிய விருந்தையும் கொடுத்தா. மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து, சுற்றிவர முட்டையும் கீரையும் வைத்து, ஒருவர் பிரார்த்தனை சொல்ல, எல்லோரும் கையால் எடுத்துச் சாப்பிட்டோம்.

"அண்ணை மாட்டன் எண்டால் என்ன செய்வியள்?" என்று வாத்தி கேட்டாள்.

"அதுக்கும் நாத்து நடத்தானே வேணும். நாத்து முத்தினால் அவருக்காக நிக்குமோ?" என்றா சுமி.

அடுத்த நாள் காலை வாசலில் லொறி ஹோர்ன் அடித்தது. தர்னோ இறங்கவில்லை. ஜன்னலால் தலையை நீட்டி, "நொத்தாரிசிட்டை போறதெண்டால் ஏறுங்கோ" என்றார்.

வாத்தியும் சுமியும் முன்னால் ஏறினார்கள். இடமில்லாததால் நான் பின்னால், ஈர மணலின் மேல். பாரிசில் மெத்ரோ ரயிலில் தொங்கிப் போய்ப் பழகியவனுக்கு அது ராசாவின் ஆசனம். ஆனால் வழியெல்லாம் தண்ணீர் ஒழுகி என் காற்சட்டையை நனைத்தது. நொத்தாரிசின் கந்தோரில் குளிரூட்டி ஓடியது. நான் உட்கார்ந்த பிளாஸ்ரிக் கதிரையைச் சுற்றி மணல் கொட்டியது.

நொத்தாரிஸ் ஒரு இளம் பெண், கண்ணாடி போட்டவ. வாத்தியைக் கேட்டா, சுமியைக் கேட்டா, பிறகு தர்னோவின் பக்கம் திரும்பி, "உங்களுக்குச் சம்மதமோ?" என்று கேட்டா.

"நான்தானே ஓட்டிக்கொண்டு வந்தனான். பிறகேன் கேக்கிறியள்?" என்றார் தர்னோ.

அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டா. எனக்கு மூச்சு வந்தது. எழுதுவினைஞர் சுமியின் அடையாள அட்டையை எடுத்து உரத்து வாசித்தார். பெயர், பிறந்த இடம், சமயம். தொழில் என்ற இடத்தில், "இல்லத்தரசி" என்று வாசித்தார்.

"இல்லை. விவசாயி எண்டு எழுதுங்கோ" என்றா சுமி.

அட்டையில் உள்ளதைத்தான் எழுத முடியும், அது ஒரு சின்ன விஷயம், காணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நொத்தாரிஸ் பொறுமையாக விளங்கப்படுத்தினா. சுமியும் பொறுமையாகக் கேட்டா. பிறகு அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு எழுந்தா.

"அப்ப அட்டையை மாத்திக்கொண்டு வாறன்."

நான் வாத்தியைப் பார்த்தேன். நாளைக்கே எங்களுக்கு விமானம். இப்போது கையெழுத்து வைக்காமல் போனால் எல்லாம் குழம்பலாம், தர்னோவின் மனம்கூட மாறலாம். வாத்தி சொல்லிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பிளேனை மாத்துங்கோ" என்றாள் என்னிடம், பிரெஞ்சு மொழியில், மறுபேச்சுக்கு இடமில்லாமல்.

தர்னோ பெருமூச்சு விட்டார். ஒரு நிமிடம் மனைவியைப் பார்த்தார். பிறகு லொறிச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கிராமத் தலைவரிடம் கடிதம், மாவட்டக் கந்தோரில் வரிசை, கணினி வேலை செய்யவில்லை என்று ஒரு காத்திருப்பு. ஒவ்வொரு இடத்திலும் சுமி அதே ஒரு சொல்லைச் சொன்னா. மூன்றாவது இடத்தில் ஒரு உத்தியோகத்தர், "ஏனம்மா இந்தக் கரைச்சல்?" என்று கேட்டபோது அவ தன்னுடைய இரண்டு உள்ளங்கையையும் மேசையில் விரித்து வைத்தா. அவர் படிவத்தை இழுத்து எழுதத் தொடங்கினார்.

நான் வெளியில் நின்று முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தேன். "அண்ணை, இன்னும் ரெண்டு நாள்."

"அங்கை என்ன, காணிக் கேசோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப முடிச்சுப்போட்டே வா. இடையிலை விட்டால் பேரப்பிள்ளையள் காலத்திலையும் முடியாது" என்றார். அவரும் யாழ்ப்பாணத்தவர்தானே.

அடுத்த நாள் புதிய அட்டையோடு போய்க் கையெழுத்து வைத்தார்கள். வாத்தி வைத்தாள், சுமி வைத்தா, தர்னோ சாட்சியாக வைத்தார். சுமி கையெழுத்து வைத்தபின் பேனாவை மூடி, நேராக மேசையில் வைத்தா. சந்தோஷத்தில் அழவுமில்லை, வாத்தியைக் கட்டிப்பிடிக்கவுமில்லை. "மத்தியானத்துக்கை போனால் வயலுக்குத் தண்ணி கட்டலாம்" என்றுதான் சொன்னா.

வெளியே வந்ததும் வாத்தி என் கையைப் பிடித்தாள். "இப்ப எனக்கு உலகத்திலை ஒரு துண்டு நிலமும் இல்லை."

"எனக்கும்தான்" என்றேன். எங்கள் இருவருக்கும் பாரிசின் மார்க்ஸ் டோர்மோயில் வாடகைக்கு இரண்டு அறை இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டோ என்னவோ அவள் சிரித்தாள். சிரிக்கும்போது கண் கலங்கியிருந்தது. அவள் வந்த காரியம் அவள் நினைத்த மாதிரி முடியவில்லை. அயு யப்பானுக்குப் போகத்தான் போகிறாள். தர்னோவுக்குச் சொந்த லொறி இல்லை. அவர் என்னோடு கைகுலுக்கினார், வாத்தியோடு அதிகம் பேசவில்லை. அது ஆற நாள் எடுக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

புறப்படுகிற காலை சுமி வழியனுப்ப வீட்டில் நிற்கவில்லை. அன்றைக்குத்தான் நடவு. சூட்கேசுகளோடு வானில் ஏறி, வயல் பக்கத்து ரோட்டில் வந்தபோது வாத்தி சாரதியை நிறுத்தச் சொன்னாள். கீழே பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்பக்கமாக நடந்து நடந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நெல்லை வீசி விதைக்கிறவர்கள். இப்படி ஒவ்வொன்றாக நடுவதை நான் அன்றுதான் பார்த்தேன். அவர்கள் விலகிய இடமெல்லாம் பச்சைக் கோடுகள் நேராக நின்றன.

வாத்தி கை தட்டிக் கூப்பிட்டாள். வரிசையின் நடுவிலிருந்து சுமி நிமிர்ந்தா. சேற்றுக் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஏதோ உரத்துச் சொன்னா. மற்றப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவ மறுபடி குனிந்துவிட்டா. வான் புறப்பட்டது.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"'நிண்டு கதைக்க நேரமில்லை, போயிட்டு வாங்கோ' எண்டு சொல்லுறா."